நூறு அடிக்குள்ளே

மேரி: ...எலுமிச்சம்பழத்த அடிக்கிறேன்னு என் செம்பருத்திய ஏங்க அடிச்சீங்க?

சாலமன்: வழுக்கிடுச்சு மேரி. இந்தக் கோல்ஃப் மட்டை பழசு...

மேரி: மட்டை மேல பழி போடாதீங்க. அடிக்கிறதுக்கு முந்தியே தலையத் தூக்கி ஆகாசத்தப் பாத்தீங்க.

சாலமன்: பந்து எங்க போவுதுன்னு பாக்க வேணாமா?

மேரி: போனப்புறம் பாருங்க!

சாலமன்: சரிங்க டீச்சரம்மா.

மேரி: சிரிக்காதீங்க. புதன்கிழம பவுலினுக்குக் கல்யாணம். என் தங்கச்சியக் கைப்புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போறது யாரு?

சாலமன்: அப்பா இல்லாத பொண்ணு. மூத்த மாப்பிள்ள நான்தான். அதுல என்னா சந்தேகம்?

மேரி: "இந்தத் தாடியோடவா"ன்னு கேக்குறாங்க எங்கம்மா. எடுக்கலன்னா கோலார்லேர்ந்து சின்னப்பா மாமாவ வரச் சொல்லிடுவாங்களாம்.

சாலமன்: அவரா? பொண்ணு பீடத்துக்குப் போறதுக்கு முன்னால அவரு தொப்பை போய்ச் சேந்துடும்!

மேரி: ஐயோ... வேணாங்க... சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது...

சாலமன்: நான் என்னா பண்ணட்டும்? மாதாகிட்ட வேண்டிக்கிட்டாச்சு. பதினெட்டுக் குழியையும் நூறு அடிக்குள்ள முடிக்கிற வரைக்கும் தாடியில கத்தி படாதுன்னு.

மேரி: ஊர்ல அவன் அவன் புள்ள வரம் கேப்பான், வேலை கேப்பான். கோல்ஃபுக்கு வேண்டிக்கிட்ட ஆளு நீங்க ஒருத்தருதான். நம்ம நீலசந்திரா ஏரியா பூரா சிரிக்குது!

சாலமன்: மாதாவுக்கும் ஒரு மாறுதலா இருக்கட்டுமே.

மேரி: "நூத்திப்பத்து நல்ல மார்க்குதானே"ங்குறாங்க அம்மா. கம்மியா அடிச்சாத்தான் கெட்டிக்காரன்னு சொன்னேன். "அப்ப வீட்லயே உக்காந்திருந்தா கப்பு குடுப்பாங்களா?"ங்குறாங்க.

சாலமன்: அத்தைய உடனே கிளப்புல சேத்துடலாம்!

மேரி: போதும் வெளையாட்டு. கல்யாணத்துக்கு முந்தி இதான் கடைசி ஞாயித்துக்கிழம. இன்னிக்கு நூத்துக்குள்ள வருமா, வராதா?

சாலமன்: வரும்... வராமயும் போவும்...

மேரி: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

சாலமன்: இன்னிக்குக் காத்து ஜாஸ்தி...

மேரி: ஒரு எல ஆடல!

சாலமன்: மேரி... கோவிச்சுக்காத.

மேரி: ம்.

சாலமன்: வந்துடுச்சு.

மேரி: என்னா வந்துடுச்சு?

சாலமன்: தொண்ணூத்தேழு. மாதா திருநாள் முடிஞ்ச கையோட. அதுக்கப்புறம் ஒரு வாரம் கூட நூறத் தாண்டல.

மேரி: அடப்பாவி மனுசா! அப்பவே தாடிய எடுக்க வேண்டியதுதானே?

சாலமன்: எப்படி எடுப்பேன்? அடிக்கிறதே தாடிதான!

மேரி: என்னாது?

சாலமன்: அன்னிக்குத் தாடி நுனி சட்டைப் பொத்தான்ல சிக்கிக்கிச்சு. பாக்காம தலையத் தூக்குனேன்... உயிரு போயி உயிரு வந்துச்சு. அப்புறம் தலை தூக்குமா? குனிஞ்சபடியே அடிச்சேன். பந்து பறந்துச்சு பாரு... குருவி மாதிரி! அதுலேர்ந்து நானே ரெண்டு சுத்து சுத்தி மாட்டிக்கிறேன். தாடி போனா திரும்பியும் நூத்திப்பத்துதான்...

மேரி: மாதாவ ஏமாத்தி, எங்கம்மாவ ஏமாத்தி...

சாலமன்: தப்புதான். பவுலின விடவா கோல்ஃப் பெருசு? பிளேடக் குடு, இப்பவே வழிச்சுடறேன்.

மேரி: பிளேடத் தொடாதீங்க! "வேண்டுதல் முடியாம தாடி எடுத்தாக் குத்தம், இப்படியே கூட்டிக்கிட்டுப் போவட்டும்"னு அம்மா நேத்தே ஒத்துக்கிட்டாங்க.

சாலமன்: நேத்தா? வேண்டுதல் முடியலன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?

மேரி: நான்தான். போன வாரமும் நூத்திப்பத்துன்னேன். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு ரெண்டு பேரும் சேந்தே போவலாம்.

சாலமன்: அப்படின்னா... உனக்கு முன்னமே தெரியுமா?

மேரி: உங்க வாயாலயே வரட்டும்னுதான் சின்னப்பா மாமாவ இழுத்தேன். ஞாயித்துக்கிழம தவறாம முடியோட பிஞ்சு வர்ற பொத்தான, அறுந்துடக் கூடாதேன்னு ரெட்ட நூலு போட்டுத் தெச்சுக் குடுக்குறது யாருன்னு நெனச்சீங்க?