பொம்பளைங்க பந்தி

ஆந்திரம் தனி ராஜ்யமான புதிது. சத்தியவேட்டிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில், எங்கள் ஊர்கள் எந்தப் பக்கம் சேரும் என்று முன்னால் பலமான வாதம். பின் இருக்கையில் ஒல்லியான ஒருவர் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னார்:

“அக்கா, நாளைக்குக் கல்யாணத்துல என்னைப் பொம்பளைங்க பந்தியிலயே குந்த வச்சிடு.”

“இன்னாடா பேச்சு இது? பொண்ணுக்குத் தாய்மாமன் நீ.”

“ஆம்பளைங்க தோப்புப் பக்கம் சாராயத்துக்குப் போவாங்க. என்னையும் இஸ்துக்கினு போவாங்க. அன்னிக்கு ரத்தமா வாந்தி எடுத்தேனே, இனிமே தொட்டா ஈரல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. விட்டுட்டேன். ஆனா யாராச்சும் கூப்ட்டா போய்டுவனோன்னு பயமா கீது.”

அந்த அம்மாள் தம்பியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“என் பக்கத்துலயே குந்து. நானும் உன்கூடவே துன்றேன்.”

“பொண்ணைப் பெத்தவ நீ. பந்தியை யாரு பாப்பாங்க?”

“யாராச்சும் பாக்கட்டும்.”

புத்தூரில் இறங்கியதும், அழைத்துப்போக வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் சிரித்தபடி தம்பியின் தோளில் கை போட்டார். “மச்சான், வா, அப்டிக்கா போய்ட்டு வரலாம்.”

அந்த அம்மாள் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

“அவன் என்கூட வரான்.”