கொளஞ்சியப்பன் கொண்டுபோன கண்ணாடி

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, ஆலையில் ஷிப்டு முடித்து நேராக வந்திருக்கும் தோழர்களே, கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கியிருக்கும் உறவுகளே! மாயவன் பேசுகிறேன்.

நம் அறிவியல் பரப்புக் குழுவின் செயலாளர், அறிவியல் செம்மல் கொளஞ்சியப்பன் மறைந்துவிட்டார். அவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். புகழ்கிறேன். ஆனால் வயிற்றெரிச்சலோடுதான் புகழ்வேன்! மூங்கில்துறைப்பட்டு டீக்கடையில் இந்தக் குழுவைத் தொடங்கியவர்கள் நாங்கள் இருவர். தலைவர் நான். பேச்சாளன் நான். ஆனால் நான் மலைக்குப் போனால், "கொளஞ்சியப்பன் ஐயா வரலீங்களா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

அன்றைக்குச் சூரிய கிரகணம் வந்ததே, நினைவிருக்கிறதா? சங்கராபுரத்தில் மேடை போட்டேன். ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை என்று முழங்கினேன். நான் பேசி முடிப்பதற்குள் கிரகணமே முடிந்துவிட்டது என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். அது பொய். கொஞ்சம் பாக்கி இருந்தது.

அதே காலையில் கொளஞ்சியப்பன் எங்கே இருந்தார்? மலையில்! மாசமாக இருந்த வெள்ளச்சியை, கிரகணம் படக்கூடாதென்று வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கதவைத் திற என்றாரா? மூடநம்பிக்கை என்று திட்டினாரா? இல்லை! ஒரு கைக்கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் சின்ன ஓட்டை விட்டு, தள்ளி நின்று வெயிலைச் சன்னல் வழியாக உள்ளே திருப்பினார். இருட்டுச் சுவரில், கடித்த தோசை மாதிரி சூரியன் விழுந்தது. "இன்னா தெரியுது?" என்றார். அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் வெள்ளச்சி தானே கதவைத் திறந்து வந்தாள். "அந்தக் கண்ணாடிய குடுங்க, நான் புடிக்கிறேன்" என்றாள். ஊரே அவள் பின்னால் வந்தது. அவள் மகள் எழில்மதி, ஒரு குறையுமில்லாமல் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஒரு காலைக்கு என் மேடை அத்தனையையும் கொடுத்துவிடுவேன்!

உடல் தானத்துக்கு முதலில் கையெழுத்துப் போட்டவன் நான். மருத்துவக் கல்லூரிக்கு முதலில் போனவர் அவர். அதிலுமா என்னை முந்த வேண்டும், கொளஞ்சியப்பா? இத்தனை வருடம் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இனி யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவேன்?

சற்று முன் வாசலில் வெள்ளச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த கிரகணத்துக்கு மலைக்கு யாருங்க வருவீங்க?"

நான்தான் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "நீங்களா? நீங்க ஜாஸ்தி பேசிக்கினே இருப்பீங்களே!"

இரங்கல் கூட்டம் என்றுகூடப் பார்க்கவில்லை!

வெள்ளச்சி, இந்தச் சபை முன்னால் உனக்கு உறுதி சொல்கிறேன். அந்தக் கண்ணாடியை அவர் வீட்டில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு மலையேறி வருவேன். "இன்னா தெரியுது?" என்று கேட்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

பழகிக்கொள்ள வேண்டுமே, இப்போதே உட்காருகிறேன்.