கொடுங்கோலனின் இருமல்

நவம்பர் நடுவில் வரும் ஐட்ஸ் நாளுக்கு மறுநாள். சென்ற வார நாடக வாசிப்பில் ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். இருமக் கூடாத இடத்தில் இருமினேன்.

மாலை வகுப்பில் என் குரல் நன்றாக இருக்கிறது என்று எங்கள் ஆசிரியர் விபென்னா ஐயா சொல்வார். எனக்கு அதில் எப்போதும் சந்தேகம்தான். அவர் ஒரு துன்பியல் நாடகம் எழுதியிருந்தார். அதில் ஓர் அரசன் தன் மனைவியைத் தள்ளிவைத்து, தீவுக்கு அனுப்பி, அங்கே கொல்லச் சொல்கிறான். ரோமில் எதை எழுதினாலும் நண்பர்களைக் கூட்டி வாசித்துக் காட்டுவது வழக்கம். ஐயாவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் நான் வாசித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு ஏற்பக் கையை அசைத்துக்கொண்டிருந்தார்.

நம் பேரரசர் சீசர் தண்டனை சொல்வதற்கு முன் இரண்டு முறை மெல்ல இருமுவார். ஊருக்கே தெரியும். அரசனின் கொலைக் கட்டளை வந்தபோது நானும் அப்படியே இருமினேன். வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டில் பழகியபோது நன்றாக வந்திருந்தது, அவ்வளவுதான். கூடமே சிரித்தது.

வெளியே வரும்போது உடன் படிக்கும் வீரியஸ் தோளில் தட்டினான்.

"டேய், சீசரே எறங்கி வந்துட்டாருன்னு நெனச்சேன். கழுத்து பத்திரம்டா."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சிரித்தவர்களில் ஒருவனாவது அரண்மனைக்குப் போவான். முதலில் போகிறவன் சாட்சி, பிந்துகிறவன் குற்றவாளி. நான் முதலில் போனேன்.

அங்கிருந்த அதிகாரி நிதானமானவர்.

"யாரு தம்பி இருமச் சொன்னது?"

"எங்க ஐயாதாங்க. எனக்கு அதெல்லாம் சுயமா வராது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். அதே பதில்தான் வந்தது.

காவலர்கள் ஐயா வீட்டுக்குப் போனபோது, நான் அரண்மனைக்குப் போனது அவருக்குத் தெரியாது. "அவன் சின்னப் பையன், விட்ருங்க. நான் இருமச் சொன்னேன், இருமினான்" என்றாராம். இரண்டு பேர் பேச்சும் ஒத்துப்போனதால் விசாரணை சுலபமாக முடிந்தது. கை நரம்பை அவரே வெட்டிக்கொள்ள அன்று மாலைவரை அவகாசம் கொடுத்தார்கள். கொலையாளி கை படாமல் சாக விடுவது ரோமில் மரியாதை. அவர் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு, நான் சொன்னது பொய் என்று யார் சொல்ல முடியும்?

நாளை முதல் மாலை வகுப்பை நான் எடுக்க வேண்டும். அன்று கூடத்தில் உடன் படிக்கும் பைட்டஸ் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று நாளை அவனிடம் கேட்க வேண்டும்.