நலம் விசாரிக்க வந்தவர்கள்

எனக்குச் சமையல் நன்றாக வரும். கிள்ளானில் எங்கள் பிளாட்டில் இருபது பேருக்கு விருந்து என்றாலும் ஒருத்தியாக நின்று முடித்துவிடுவேன். அதனால்தான், டாக்டர் ரேஷ்மா, என் மகள் மாதவி சாப்பிட மறுத்தபோது எனக்குக் கோபம் வந்தது. அது பிடிவாதம் இல்லை, நோய் என்று நீங்கள் விளக்கினீர்கள். உங்களுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. இருந்தாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

செராஸில் உங்கள் கிளினிக்கில் பெற்றோருக்கு எட்டு வாரம் வகுப்பு வைத்தீர்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும், திட்டக்கூடாது, உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றீர்கள். "'சதை போட்டுட்டியே'ன்னு நம்ம ஆளுங்க ஆசையாத்தான் சொல்வாங்க ஆன்டி. அவ காதுல அது 'குண்டாயிட்டே'ன்னுதான் விழும்." மற்ற அம்மாக்கள் தலையாட்டினார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒன்பது மாதம் மூன்று வேளையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு தோசைக்கு ஒரு மணி நேரம். அழுவாள், என் மடியில் படுப்பாள், மறுபடி ஒரு வாய் வாங்குவாள். என் கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் நான் அவ்வளவு நிறைவாக இருந்ததே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு அவள் தேறினாள். தானே தட்டில் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடி சாப்பிட்டாள். பினாங்கில் படிக்க இடமும் கிடைத்தது. "நீங்க பக்கத்துல உக்கார வேணாம்மா, நான் ஓகே லா" என்றாள். நீங்கள் கைதட்டினீர்கள். கண்விழித்துத் தேற்றியது நான், அவளை அனுப்பிவைக்கத் துடித்தது நீங்கள்.

அவள் சோற்றில் நான் கை வைக்கவில்லை. நாத்தனார் லோகேஸ்வரியைத்தான் கூப்பிட்டேன். "புள்ள தேறிட்டா, வந்து பாருங்க. 'நல்லா சதை போட்டுட்டியே'ன்னு சொல்லுங்க, சந்தோஷப்படுவா." வந்தார், கன்னத்தைக் கிள்ளிச் சொன்னார். அடுத்த ஞாயிறு ரவாங்கிலிருந்து என் சிநேகிதி குமுதா. அதற்கடுத்து கோயில் பெண்கள் நாலு பேர். எல்லோரும் நல்லவர்கள், மனதாரத்தான் சொன்னார்கள். எல்லோருக்கும் விருந்து வைத்தேன். ஐந்தாவது ஞாயிறு மாதவி அறைக் கதவைத் திறக்கவில்லை, சாப்பிடவும் இல்லை.

அவர்களையெல்லாம் வரவழைத்தது யார் என்று லோகேஸ்வரியிடம் விசாரித்தீர்களாம். அவ்வளவு சுற்றி வளைத்திருக்க வேண்டாம். நான்தான் அழைத்தேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் அழைத்தேன். பினாங்கு பஸ்ஸில் ஏற அவளுக்குத் தெம்பு இருக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று ஆஸ்பத்திரி வார்டில், நீங்கள் வெளியே போயிருந்தபோது, மாதவி கண் திறந்தாள். இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போகிறது என்று நர்ஸ் என்னிடம் சொல்லிவிட்டுப் போய்ச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. "அம்மா, நான் இன்னும் குண்டாத்தான் இருக்கேனா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றேன்.

அழுதுகொண்டே என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உங்கள் கையை ஒரு நாளாவது அப்படிப் பிடித்திருக்கிறாளா?