மலைப்பாம்பு என்று எழுதிய பலகை

“வௌவால் பறவையா, மிருகமா?” என்று அருள்நாதன் சார் ஒருமுறை என்னைக் கேட்டார். எட்டாம் வகுப்பில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற முதல் பாடத்தில். சாதாரணமான கேள்விதான். எனக்குப் பதிலும் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில், குட்டியை மார்போடு ஒட்டவைத்துக்கொண்டு வௌவால் தொங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பால் கொடுக்கிற ஒன்று எப்படிப் பறவையாகும். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. சும்மா நின்றேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “அவளே வௌவாலுதான் சார். தொங்கும், பேசாது” என்றான். வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். அதிகம் இல்லை, மேல் பல் மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பின்னால் நடந்ததற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. நீங்களாக முடிச்சுப் போட்டுவிடக் கூடாது என்றுதான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நயா பைசா வந்த புதிதில், தோல் மண்டி ராயப்பராஜ் முதலாளி மதுரை ரோட்டில் இருந்த தன் தோட்டத்தில் மிருகக்காட்சி சாலை ஒன்று ஆரம்பித்தார். ஆட்டுத் தோலை விற்றுப் பணம் சேர்த்தவருக்கு, உயிரோடு இருக்கிற தோல்மேல் திடீரென்று ஆசை வந்தது. இரண்டு நரி, ஒரு முள்ளம்பன்றி, ஒரு உடும்பு, அய்யலூர்ப் பக்கத்துக் காட்டில் பிடித்த தேவாங்கு, ஒரு மலைப்பாம்புக் குட்டி. ஊருக்கு அது போதும். எதற்கு என்ன இனம், எங்கே வாழும், என்ன தின்னும் என்று பலகை எழுதிக் கொடுத்தது அருள்நாதன் சார். கூண்டு கழுவுகிற வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்ததும் அவர்தான். எங்கள் வீட்டுக்கே வந்து, “பேச வேண்டிய வேலை இல்லம்மா. ஒனக்குத் தோதா இருக்கும்” என்றார். அது இரக்கம் என்று அவர் நினைத்தார். நானும் போனேன்.

பலகையில் அவர் எழுதியது எதுவும் தப்பில்லை. பார்க்க வருகிறவர்கள்தான் எந்தப் பலகைக்கும் அடங்காத பிறவிகள். முள்ளம்பன்றியின் கறி எப்படி இருக்கும் என்று கேட்காமல் போன ஆண்பிள்ளை ஒருவனைக்கூட நான் பார்க்கவில்லை. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாற்றம் நரியிடமிருந்துதான் வருகிறது என்று நம்பினார்கள். வெற்றிலை எச்சிலை உடும்பு மேல் துப்பிவிட்டு, அது நகர்ந்தால் கை தட்டினார்கள். குழந்தைகளும் இவர்களுடைய குட்டிகள்தானே. குச்சி எடுக்கக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம்.

தேவாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இருட்டில் நடமாடுகிற பிராணி. கண் அவ்வளவு பெரிதாக இருப்பது கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்வதற்கு. கிளை அசையாமல் நடப்பதற்காகவே மெதுவாக நடக்கும். முதலாளி அதற்கு மேற்கு வெயில் படுகிற இரும்புக் கூண்டு கொடுத்தார். உள்ளே ஒரு சுள்ளிகூடக் கிடையாது. அது தொடைகளுக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வரும்போது, சார் பென்சிலை உள்ளே விட்டு அதன் தாடையைத் தூக்குவார். “பாத்தீகளா, இருட்டுக்குன்னே செஞ்ச கண்ணு” என்பார், உச்சி வெயிலில். தேவாங்கின் கண்ணைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர் அவர். அதற்குக் கூசும் என்பது மட்டும் தெரியாது. நான் செய்தது அந்தப் பென்சிலுக்காக.

அப்புறம் செம்பட்டியிலிருந்து சோலைமுத்து என்கிற சம்சாரி, தன் கடலைக் காட்டில் உழும்போது பிடித்த பாம்பு ஒன்றைப் பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கொண்டுவந்தார். “இது கண்ணாடி விரியன் தாயி. பாக்க மலைப்பாம்புக் குட்டி கணக்காத்தான் இருக்கும். ஏமாந்திராத” என்றார். தலையாட்டினேன். சாருக்கு ஒரே சந்தோஷம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்று உடனே பலகை எழுதினார். மலைப்பாம்புக்கு ஒழுங்கில்லாத திட்டுகள். விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள். அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. எல்லாம் அழகான கையெழுத்தில்.

பாம்புகள் கீற்றுக் கொட்டகைக்குள் இருந்தன. முன்னால் கம்பிவலை அடித்த இரண்டு மரப்பெட்டி, ஒரே ஆசாரி ஒரே அளவில் செய்தது. பலகைகள் பெட்டியில் இல்லை, சுவரில் ஆணியில் தொங்கின. சனிக்கிழமை காலையில் பெட்டிகளை வெளியே இழுத்து, கொக்கியால் பாம்பைத் தள்ளி வைக்கோல் மாற்றி, வெயில் காட்டி, திரும்ப அந்தந்தப் பலகைக்குக் கீழே வைப்பது என் வேலை. அந்தச் சனிக்கிழமை பெட்டிகளை மாற்றி வைத்தேன். பலகையைத் தொடவில்லை. பொய்யாக ஒரு எழுத்தும் எழுதவில்லை.

சார் மலைப்பாம்பைக் கையில் எடுத்துப் பிள்ளைகளை வரிசையாகத் தொடச் சொல்வார். பயம் போகும் என்பார். குழந்தைகள் இருந்தார்களே என்று கேட்பீர்கள். இருந்தார்கள். நானும் அதை யோசித்தேன். முதலில் சார்தான் கை வைப்பார், பிறகு யார் என்று சொல்ல முடியாது. தேவாங்குக்குத்தான் காட்டில் பஞ்சம். மனிதக் குட்டிகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

அவர் வெயிலிலிருந்து கொட்டகை இருட்டுக்குள் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வலைக்கதவைத் திறந்தார். வைக்கோலுக்குள் சுருண்டிருந்தது குக்கர் மாதிரிச் சீறியது. அவர் கையை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். அவருடைய மூளை வேலை செய்ததை நான் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பார்த்திருந்தால் சங்கிலி வட்டம் தெரிந்திருக்கும். ஆனால் பார்ப்பதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ராணி, இது நம்ம பழைய குட்டிதானம்மா?”

பேச வேண்டிய தேவைகூட இல்லை. தலையை ஆட்டினேன்.

“இன்னைக்கி என்ன இம்புட்டுக் கோவம்” என்று சொல்லிக்கொண்டே கையை விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஈறிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லையாம். பலகையில் அவரே எழுதியதுதான்.

தோட்டத்து ஆட்கள் பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டு இரண்டு பாம்பையும் தடியால் அடித்தார்கள். எது எது என்று யாரும் பார்க்கவில்லை. போலீஸ்காரர்கள் தோட்டத்துக் காவல்காரரைக் கேட்டார்கள், முதலாளியைக் கேட்டார்கள். சார் அவசரத்தில் பெட்டி மாறிக் கை வைத்துவிட்டார் என்று அவர்களே முடிவுசெய்தார்கள். என்னிடம் கேட்கத் தோன்றவில்லை. முதலாளி பயந்துபோய்த் தோட்டத்தைப் பூட்டினார். நரிகளையும் மற்றதையும் யாரோ வாங்கிப் போனார்கள். தேவாங்கை யாரும் கேட்கவில்லை. அது அதே மேற்கு வெயிலில், தீனி இல்லாமல், தலையைச் செருகியபடியே செத்தது. கூண்டுச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. திறந்திருக்கலாமே என்பீர்கள். கூண்டு திறந்து கிடந்தால் சாவி யாரிடம் என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் அது புத்திசாலித்தனம் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, சாருடைய மனைவி அன்னாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். டீச்சர் பாயில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

“கடைசியா அவரு ஒங்கிட்டத்தான் என்னமோ கேட்டாராம். பிள்ளைங்க சொல்லுச்சு. என்னம்மா கேட்டாரு?”

என்னை ஒரு விஷயம் மரியாதையாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்த முதல் ஆள் அவர். அதனால் சொன்னேன். பென்சில், பெட்டிகள், சார் கேட்டது, நான் தலையாட்டியது, எல்லாம். திக்கவே இல்லை. இவ்வளவு நன்றாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. முடித்த பிறகும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் தேவாங்குக் கண் மாதிரி பெரிதாக இருந்தது.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டா” என்றேன். “வௌவால் பறவையா, மிருகமா?”

சார் எனக்குக் கொடுத்ததைவிட அதிக நேரம் கொடுத்தேன். நான் சிரிக்கவும் இல்லை. அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.