வந்த வாரமே வாங்கியது

“ஹலோ… ம், நான்தான்… இல்லீங்க, ஆபீஸ்ல இல்ல. அரை நாள் லீவு போட்டிருக்கேன்… ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீங்க மீட்டிங்ல இல்லையே?… அப்ப கொஞ்சம் வெளிய வாங்களேன், ஒண்ணு கேக்கணும்… ம்… ம்… வாங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

அம்பத்தூர் ஓ.டி.யில், பழைய போன் வாங்கி விற்கிற ஒரு சின்னக் கடையின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள் ரோஷினி. அந்தப் பக்கம் திருமுருகன் இருக்கையை விட்டு எழுவதும், கண்ணாடிக் கதவு ஒன்று திறந்து மூடுவதும் கேட்டது. அவனை அவளுக்குத் தை மாதம் நிச்சயம் செய்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். இப்போது ஆடி நடக்கிறது. தெரு முழுக்கத் தள்ளுபடித் தட்டிகள்.

“வந்துட்டீங்களா?… ஏங்க, இந்தப் போனை எங்க வாங்குனீங்க?… நீங்க எனக்குக் குடுத்தீங்களே, இதைத்தான்… சும்மாதான் கேக்கறேன்… பாடியிலயா? பாடியில எந்தக் கடை?… சரி… சரி… புதுசாத்தானே வாங்குனீங்க?… சிரிக்காதீங்க. சொல்லுங்க.”

அவன் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. பதில் சொல்வதற்கு முன்னால் நேரம் வேண்டுமென்றால் அவன் சிரிப்பான் என்பதை இந்த ஆறு மாதத்தில் அவள் கண்டிருந்தாள். ஆனால் இதுவரை அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளத் தோன்றியதில்லை.

போன் விஷயத்தில் திருமுருகனுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு மாடல் வந்த வாரமே வாங்குகிறவன் முட்டாள். பெட்டியைப் பிரித்தால் கொஞ்சம் விலை போகும், அடுத்த மாடல் வந்தால் பாதி போகும், கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்தினால் சும்மா கொடுத்தாலும் ஆள் வராது. அதனால் அடுத்தது வரும்வரை பொறுத்திருந்து, முந்தின மாடலைச் சீல் பிரியாமல் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். நிச்சயதார்த்தப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் பாயசம் ஆறிப்போகிறவரைக்கும் இதை அவன் அவளுடைய அப்பா சம்பந்தத்துக்கு விளக்கினான். ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருஷமாக ஃபிட்டராக இருக்கும் சம்பந்தம், குக்கர் வளையம் வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிறவர். பையன் பொறுப்பானவன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அன்று காலையில்தான் புடவைத் தட்டில் பூவுக்கு நடுவே இந்தப் போன் வந்தது. போன வருஷத்து மாடல்தான், ஆனால் புத்தம் புதுசு என்றான். இளம் ஊதா நிறம். எந்தக் கடையிலும் கறுப்பும் சாம்பலும்தான் இருந்தன. இந்த நிறத்துக்காகக் கார்த்திகை மழையில் பாடியிலிருந்து பூந்தமல்லிவரைக்கும் வண்டியில் அலைந்தேன் என்று தனியாக இருக்கும்போது சொன்னான். அவளுக்கு அதற்கு முன்னால் ஊதாமேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு சுடிதார் துப்பட்டாவிலிருந்து ரிசப்ஷன் பட்டுவரை எல்லாவற்றையும் அந்த நிறத்தில்தான் எடுத்தாள். இன்றைக்கு அரை நாள் லீவு போட்டதும் அந்தப் பட்டுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கத்தான்.

“பேட்டரி மத்தியானத்துலயே உக்காந்துடுதுன்னு சொல்லிக்கினே இருந்தேன் இல்ல?… ஆமா, நீங்க வெயிட் பண்ணச் சொன்னீங்க. தீபாவளிக்குப் புது மாடல் வரும், அப்ப பாத்துக்கலாம், இப்ப யார்கிட்டயும் காட்டாதேன்னீங்க. மூணு தடவை சொன்னீங்க… நான் காட்டிட்டேங்க. டெய்லர் கடைக்குப் பக்கத்துல… ஒரு பாய் கடை. பேட்டரி மாத்த எவ்ளோ ஆவும்னு கேக்கத்தான் போனேன்.”



கடைக்காரர் சுலைமான் போனை வாங்கி, எதையோ அழுத்திப் பார்த்து, தன் கணினியில் அதன் எண்ணைப் போட்டுப் பார்த்தார். பிறகு, பேட்டரி மாற்றுகிற செலவு வீண், வேண்டுமென்றால் ஒன்பதாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆறு மாதப் போனுக்கு இவ்வளவுதானா என்று ரோஷினி சண்டைக்குப் போனாள். அதற்கு அவர் சொன்னதைத்தான் இப்போது அப்படியே ஒப்பித்தாள்.

“‘இன்னாம்மா, ஆறு மாசம்ன்றே? இது ஒன்றரை வருசத்துக்கு மேல ஓடிக்கீதும்மா’ன்னாரு… இருங்க, நான் முடிச்சுடறேன். முதமுதல்ல ஆன் பண்ண தேதி கம்பெனி கணக்குல இருக்குமாம். காட்டினாரு. நம்ம நிச்சயத்துக்கு ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடிங்க… ம்… ம்… கடைக்காரன் ஏமாத்திட்டானா?… அப்படியா?… சரி, எந்தக் கடைன்னு சொல்லுங்க, இப்பவே பஸ் ஏறிப் போறேன். பாடி பக்கத்துலதானே… ஏன், நான் போனா என்ன?”

அவன் உடனே பேச்சை மாற்றினான். கடை இல்லை, உண்மையில் கூட வேலை பார்க்கும் ரோஹித்திடம் வாங்கினது என்றான். ரோஹித் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்தானாம், அவசரத்துக்கு விற்றானாம். இதைச் சொல்லும்போது அவன் குரல் தெளிவாகவும் வேகமாகவும் இருந்தது. ரோஷினிக்கு ஒரு கணம் மனசு இளகியது. கையில் காசு இல்லாமல் நண்பனிடம் வாங்கியிருந்தால் அதில் என்ன குற்றம் இருக்கிறது? அதை அவனிடமே சொன்னாள்.

“ரோஹித்கிட்ட வாங்குனா என்னங்க, அதை அப்பவே சொல்லியிருக்கலாமே. நான் வேணாம்னா சொல்லப் போறேன்?… ம்… ஆமாங்க… ஆமா, நல்ல போன்தான், இல்லைன்னு சொல்லலையே… ஆனா பிரிக்காம வெச்சிருந்தாருன்றீங்க. பிரிக்காத போனு எப்படிங்க ஆன் ஆவும்?… அப்ப அவரு யூஸ் பண்ணினதா?… என்கிட்ட அவர் நம்பர் இருக்கு, வாழ்த்துச் சொல்லி மெசேஜ் அனுப்பினாரே. நான் கேட்டுக்கறேன்… ஏன், கேட்டா என்ன?… கத்தாதீங்க… ரோஹித்துக்கு என்ன தெரியாது?… யாரு?”

ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. ரோஷினி இன்னொரு காதைக் கையால் மூடிக்கொண்டாள்.

“இப்ப ஒரு பேரு சொன்னீங்க… இல்ல, சொன்னீங்க. ஜோதிகான்னு சொன்னீங்க… யாருங்க ஜோதிகா?”

இதற்குப் பிறகு வெகுநேரம் அவன்தான் பேசினான். அவள் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை சுலைமான் வெளியே எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை வாசலில் போட்டுவிட்டுப் போனார். அவள் உட்காரவில்லை.

திருமுருகனுக்கு இதற்கு முன்னால் ஒரு பெண்ணோடு நிச்சயம் நடந்திருந்தது. பெயர் ஜோதிகா. பூந்தமல்லியில் மண்டபமெல்லாம் பிடித்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஏதோ பேச்சு முற்றி, பத்திரிகை அடிக்கிற நேரத்தில் நின்றுபோயிற்று. போன் அந்த நிச்சயத்துக்கு அவளுக்குக் கொடுத்தது. ஒரு வருஷம் அவள் கையில் இருந்தது. திரும்பி வந்ததும் அலமாரியில் கிடந்தது. உருப்படியான பொருள், நாளுக்கு நாள் விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது, சும்மா கிடந்து வீணாவானேன் என்று அம்மாதான் சொன்னார்கள் என்றான்.

“ம்… திரும்பி வந்ததுன்னா? அவங்களா குடுத்தாங்களா, நீங்க கேட்டீங்களா?… இல்ல, அதுதான் எனக்குத் தெரியணும்… சொல்லுங்க… கேட்டு வாங்குனீங்க.”

அவள் குரல் தாழ்ந்திருந்தது. கோபம் வந்தால் அவள் அம்மா சரசாவைப் போல அவளுக்கும் குரல் தாழ்ந்துவிடும்.

“அந்தப் பெட்டிமேல பிளாஸ்டிக் ஒட்டியிருந்துச்சே, அது?… யாரு ஒட்டினது?… கடையில குடுத்து ஒட்டினீங்களா. நான் அதைக் கிழிக்க மனசில்லாம ஓரத்துல நகத்தால கீறிக் கீறிப் பிரிச்சேன். நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கினு இருந்தீங்க. மண்டபத்துல எல்லாரும் பாத்தாங்க… ம்… இல்ல, அழல.”

அழவில்லைதான். அழுகைக்குப் பதில் வேறு ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. சுலைமான் சொன்னதில் இன்னொன்று பாக்கி இருந்தது. அதை அப்போது அவர் போகிறபோக்கில் சொன்னார், அவளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேதியைப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார். இது மாடல் வந்த வாரமே முழு விலைக்கு எடுத்த போன், எடுத்த ஆளுக்குத்தான் பெரிய நஷ்டம் என்றார்.

“இன்னொண்ணு கேக்கறேன். மாடல் வந்த வாரமே இதை வாங்கியிருக்காங்கன்னு பாய் சொல்றாரு. நாப்பத்தஞ்சாயிரம் குடுத்து… அது நீங்கதானே?… வந்த வாரமே வாங்குறவன் முட்டாள்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்களே… ம்… மழையில அலைஞ்சது நெஜமா?… பாடியிலேர்ந்து பூந்தமல்லி வரைக்கும்?… நெஜமா அலைஞ்சீங்களா.”

அவன், சத்தியமாக அலைந்தேன், அது மட்டும் பொய் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அதைச் சொன்னால் அவள் சமாதானமாகிவிடுவாள் என்று நினைத்தவன்போல, எந்தெந்தக் கடை, எங்கே வண்டி நின்றுபோனது, எப்படி நனைந்தான் என்பதையெல்லாம் சொன்னான். ரோஷினி குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்கக் கேட்க, இந்தப் போனைப் பிடித்திருந்த ஜோதிகாவின் கை அவளுக்குத் தெரிந்தது. ஊதா பிடித்த ஒரு பெண். அவளுக்காக ஒருவன் தன் கணக்கையெல்லாம் மறந்து, விலை இறங்கட்டும் என்று காத்திருக்காமல், மழையில் போயிருக்கிறான்.

“போதுங்க… நம்பறேன். அவங்களுக்கு ஊதா பிடிக்கும், இல்ல?… ம்.”

அப்போதுதான் போனைப் பிடித்திருந்த கையின் மோதிரம் அவள் கன்னத்தில் இடித்தது. நிச்சயத்தில் அவன் போட்ட மோதிரம். அளவு பெரிசு என்பதால் உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டிருந்தாள். கல்யாணத்துக்குள் கொஞ்சம் சதை போட்டால் சரியாகிவிடும் என்று அவன் அம்மா சபையில் சிரித்ததும், எல்லோரும் சேர்ந்து சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

“ஏங்க… மோதிரம்?”

எந்த மோதிரம் என்று கேட்டான் அவன்.

“மோதிரமும் அப்ப செஞ்சதுதானா?… சொல்லுங்க, ஆமா இல்லைன்னு ஒண்ணு சொல்லுங்க… தங்கம் விலை ஏறிக்கினுதான் இருக்கும், அது எனக்குத் தெரியும். நான் விலை கேக்கலை.”

பிறகு அவன் கொஞ்சம் சூடாகவே பேசினான். உலகத்தில் யாரும் செய்யாததையா செய்துவிட்டேன், ஒரு போனுக்காக இவ்வளவு பேச்சா, ஆறு மாதத்தில் எத்தனை முறை சினிமாவுக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போனேன், அதெல்லாம் கணக்கில் இல்லையா என்றான். கல்யாணம் ஆனதும் புதுசே வாங்கித் தருகிறேன், எந்த மாடல் வேண்டும் சொல், வந்த அன்றைக்கே வாங்கித் தருகிறேன் என்றான். அதைக் கேட்டதும் ரோஷினி அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் புதுசு கேக்கலைங்க… எப்பவும் கேக்கலை. எங்கப்பா ரிட்டையர் ஆன ஒருத்தர்கிட்டேர்ந்து வாங்கின பழைய ஸ்கூட்டர்லதான் என்னை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டாரு. பழசுன்னு எனக்கு எதுவும் கேவலம் கிடையாது. முன்னாடி ஒரு நிச்சயம் நின்னுபோச்சுன்னு சொல்லியிருந்தா, எங்க வீட்ல ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டாங்க… கேளுங்க, நான் பேசி முடிச்சுடறேன். அவங்களுக்காக அலைஞ்ச கதையை எனக்காகன்னு சொன்னீங்க. அதை வெச்சுக்கினுதான் இந்த ஆறு மாசம் நான் சந்தோஷமா இருந்தேன். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்… ம்… ம்… இல்லீங்க, நீங்க இன்னைக்கு வர வேணாம். வந்தா என்ன சொல்லுவீங்க?”

அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றான். பிறகு வேண்டாம், நீ முதலில் யாரிடமும் எதுவும் சொல்லாதே என்றான். ஜோதிகா விஷயம் வெளியே வரக்கூடாது, அம்மாவுக்குத் தாங்காது. ஏதாவது மனக்கசப்பு, ஜாதகத்தில் ஏதோ என்று சொல்லிக் கொஞ்சநாள் தள்ளிப்போடலாம் என்றான். அவன் சொல்வதை ரோஷினி கடைசிவரை கேட்டாள். அவன் யோசித்துக்கொண்டிருப்பது அவளைப் பற்றி இல்லை என்பது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததும் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

“நடந்ததைத்தான் சொல்லுவேங்க. ஒண்ணு கூட்டியும் சொல்ல மாட்டேன், கொறைச்சும் சொல்ல மாட்டேன்… அப்பா வருத்தப்படுவாரு. படட்டும், நான் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்… ஆமா… ஆமாங்க, யோசிச்சுத்தான் சொல்றேன். இந்தக் கல்யாணம் வேணாம்… இல்ல, கோவத்துல சொல்லலை. கோவமா இருந்தா இவ்ளோ நேரம் பேசியிருப்பேனா?… அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க… ம்… ஞாயித்துக்கிழமை போனு, மோதிரம், அந்தப் புடவை எல்லாத்தையும் அப்பா கொண்டாந்து குடுத்துடுவாரு. நீங்க கேக்கற வரைக்கும் வெச்சிருக்க மாட்டோம்… வெச்சிடறேங்க.”

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அவள் இணைப்பைத் துண்டித்தாள்.