கழட்டித்தான் குடுப்பேன்

இல்ல சார், முழுசா குடுக்க முடியாது. கழட்டித்தான் குடுப்பேன். இஞ்சின் ஒரு ஊருக்கு, டேங்க் ஒரு ஊருக்கு, சக்கரம் ரெண்டும் வேற வேற ஆளுக்குப் போவணும். அப்டின்னா சொல்லுங்க, இப்பவே ஸ்பேனர எடுக்கறேன். என்னா அப்டி பாக்கறீங்க? இந்த மிக்கேலுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சுன்னா? நெனச்சுக்கங்க.

தெரியும் சார். அம்பத்தஞ்சாம் வருசத்து பி.எம்.டபிள்யூ பைக்கு, இஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் ஒத்துப்போறது இந்தப் பக்கம் இது ஒண்ணுதான். நீங்க பழைய வண்டி கிளப்பு ஜட்ஜு, உங்களுக்கு அது பெருசு. எனக்கும் பெருசாத்தான் இருந்துச்சு. மில்லுல ஃபிட்டரா இருந்தவன் நானு. மில்ல மூடுனதும் நெல்லித்தோப்புல லேத்து போட்டேன். இந்த வண்டிக்காக குருசுக்குப்பத்துல ஒரு சொல்தா வீட்டுக்கு மூணு வருசம் நடந்தேன். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த மனுசன், பென்சன் வாங்கிக்கிட்டு, வண்டியக் கோழிக்கூண்டு பக்கத்துல சாத்தி வச்சிருந்தாரு. சீட்டு மேல கோழி முட்ட வச்சிருந்துச்சு சார், சத்தியமா. கடைசில அவரே கூப்ட்டு, இந்தாடா, உன் தொல்ல தாங்கலன்னு குடுத்துட்டாரு.

எட்டு வருசம். பெயிண்ட் அடிக்கல. மண்ணெண்ண தொட்ட துணிய வச்சுத் துருவ மட்டும் எடுத்தேன். மரை போன போல்ட்டக்கூடத் தூக்கிப் போடல, மறுபடி மரை வெட்டி அதையே மாட்டுனேன். ஆனந்தமேரி, என் பொஞ்சாதி, சொல்லுவா, பெத்த புள்ளயக்கூட நீ இப்டித் தொடச்சதில்லன்னு. நெசந்தான்.

லினெட்டு வேற மாதிரி. என் பொண்ணு. வண்டின்னா ஓடணும்பா. இதுல கிக்கரப் பக்கவாட்டுல உதைக்கணும்ல, ஆம்பளைங்களே தடுமாறுவானுங்க, அவ ஒரே உதையில கெளப்பிடுவா. பழசு பழசுன்னு பிரேக்கு கேபிளக்கூட அறுவது வருசத்துப் பழசா வச்சிருக்கியேப்பா, உனக்கு அறிவிருக்கான்னு சண்ட போட்டா. அவளே வெளிநாட்டுலேருந்து புதுசு வரவழச்சு, முன்னாடி பிரேக்குக்கு அவளே மாட்டுனா. எனக்கு அதப் பாக்கறப்பல்லாம் கண்ணு உறுத்தும்.

ஆமா சார், ஆறு மாசம் ஆச்சு. நீங்க மாலை அனுப்பியிருந்தீங்க, பாத்தேன். பெரிய மார்க்கெட் ஓரம். வெங்காய லாரி ஒண்ணு ரிவர்ஸ்ல வந்துச்சு, போயி மோதிட்டா. ஹெல்மெட் போட்டுக்கிட்டுதான் இருந்தா. நெஞ்சுல அடி. வண்டிக்கு என்னா? இதோ, இந்த முன் மட்கார்டு லேசா நசுங்கியிருக்கு, அவ்ளோதான். அதத்தான் சார் என்னால பொறுக்க முடியல.

லாரிக்காரனச் சொல்லிக் குத்தமில்ல. வண்டியையும் சொல்ல முடியாது. பிரேக்க இறுக்கிப் புடிச்சிருக்கா, கேபிள் பட்டுன்னு அறுந்துடுச்சு. இல்ல சார், புதுசு இல்ல. பழசுதான் அறுந்துச்சு.

பீச் ரோட்டுல ஷோ நடந்துச்சே, நாயித்துக்கெழம. ஒரு பார்ட்டு புதுசா இருந்தாலும் நீங்க மார்க்கக் கொறைப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் சனிக்கெழம, அவ கோயில்ல பாட்டு பிராக்டிசுக்குப் போன நேரமாப் பாத்து, புது கேபிளக் கழட்டிட்டுப் பழச மாட்டுனேன். அது மேல ஜெர்மன் எழுத்து இருந்துச்சு. நீங்க வெரல் வச்சுத் தடவிப் பாத்துட்டு, இதான்யா ஒரிஜினல்னு முழு மார்க்கு போட்டீங்க. அய்யோ, உங்களச் சொல்லல சார். உக்காருங்க. நீங்க உங்க வேலையப் பாத்தீங்க. வீட்டுக்குப் போனதும் மாத்திடலாம்னுதான் இருந்தேன். ஷோவுல ஜெயிச்ச கப்பப் பாக்கத் தெருவே வந்துடுச்சு, பேச்சு, சிரிப்பு, கேக்கு வெட்டுனாங்க. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொன்னா திட்டுவாளேன்னு சொல்லல.

மறுநாள் காலைல மூஞ்சில சோப்பு போட்டுக்கிட்டு நிக்கிறேன். அப்பா, மீன் வாங்கப் போறேன், வண்டிய எடுத்துக்கட்டுமான்னு கேக்கறா. எடுத்துக்கம்மான்னேன்.

இத முழுசாக் குடுத்தா இன்னொரு எடத்துல கொண்டுபோய் நிறுத்துவீங்க. இன்னொருத்தர் வந்து தடவிப் பாப்பாரு. வேணாம் சார்.

மேரி காப்பி கொண்டாரா, மெதுவாப் பேசுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னா கேக்காம வேகமாப் போயி செத்துட்டாளேன்னு, ஆறு மாசமா பொண்ணத் திட்டித் திட்டி அழுவுறா. நானும் கூட ஒக்காந்துக்கிட்டு ஆமா ஆமாங்கறேன்.